காசிமேட்டிலிருந்து மீஞ்சூர் வரை ஒரு சத்தம்

என் வீட்டுக்காரர் வளைகுடாவுக்குப் போன புதிதில், போனை எடுத்ததும் முதலில் விசாரிப்பது வண்டியைத்தான். "வண்டி எப்டி கீது?" என்பார். நன்றாக ஓடுகிறது என்று நான் சொன்ன பிறகுதான் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் வரும். ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்றிருக்கும். பிறகு பழகிவிட்டது. ஒரு நாள் ஏதோ நினைப்பில் வண்டியைக் கேட்காமலே பேசி முடித்தார். அன்று முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை.

வண்டி என்றால் குட்டியானைதான். யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டுப் போட்டிருந்த பழைய மினி லாரி. அதை வாங்குவதற்கு முன்னால் அவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். கன்டெய்னரோடு எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் போய் நின்றால், கேட்டுக்குள் போய் எப்போது வெளியே வருவார் என்று அவருக்கே தெரியாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, நிற்கிற டிரெய்லர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நான் கடற்கரைச் சுவர் ஓரமாக நடந்துபோவேன். அது அலுத்துப்போய்த்தான் குட்டியானையை வாங்கினார். காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றி மீஞ்சூர் சந்தையில் இறக்குவது வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தனியாக வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய், ஏறு என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

அந்தக் கேபின் ரொம்பச் சின்னது. கியர் கம்பி இரண்டு சீட்டுக்கும் நடுவில் நிற்கும். முதல் கியரையும் இரண்டாவது கியரையும் என் பக்கமாகச் சாய்த்துப் போடவேண்டும். போடும்போதெல்லாம் அவருடைய புறங்கை என் முழங்காலில் படும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மெட்ரோ தூண்களை ஒட்டி ஊர்ந்து போகும்போது, இரண்டாவது கியரைத் தாண்ட வழியே இருக்காது. காலை நகர்த்திக்கொள்ள இடம் இருந்தது. நான் நகர்த்தியதில்லை.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் லோடு இருக்காது. அப்படி ஒரு தடைக்காலத்தில், வண்டி வாசலில் வெறுமனே நின்ற நாட்களில்தான், அவருடைய பழைய டிரெய்லர் தோஸ்து ஒருவர் வளைகுடாவிலிருந்து பேசினார். அங்கே ஒரு துறைமுகத்துக்குள்ளேயே கன்டெய்னர் இழுக்கிற வேலை. போவதென்று முடிவானதும், வண்டியை விற்றுவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன்.

"நான் ஓட்றேன்."

"கிளட்சு எது, பிரேக்கு எதுன்னு தெரியுமா மே உனுக்கு?"

"இத்தினி வருசமா உன் கால தானே பாத்துகினு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளே எர்ணாவூர்ப் பக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் என்னைச் சேர்த்துவிட்டார். லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் அவர் கிளம்பிப்போய்விட்டார்.

பார்த்துக்கொண்டிருப்பது வேறு, ஓட்டுவது வேறு. முதல் சில வாரங்கள் வண்டி துள்ளித் துள்ளி நின்றது. காசிமேட்டு மேட்டில் ஏறும்போது தீய்ந்த நாற்றம் வரும். போனில் சொன்னேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் நின்றுகொண்டு இருக்கிறது. இரண்டையும் திடீரென்று சேர்த்தால் இஞ்சின் செத்துவிடும். நடுவில் இருக்கிற கிளட்ச் தட்டு கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் பிடித்து, அப்புறம்தான் முழுசாக ஒட்டவேண்டும். நீ அதைப் பிடிக்கவும் விடாமல், விலகவும் விடாமல் பாதியிலேயே காலை வைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால் தட்டு தேய்ந்து எரிகிறது என்றார். "பயந்துகினு பாதி கால் வெக்காத. வெச்சா முழுசா வெய்யி, எடுத்தா முழுசா எடு." அன்றிலிருந்து அப்படியே செய்தேன். நாற்றம் நின்றது.

கியர் குமிழில் அவர் கை தேய்த்துத் தேய்த்து எண்கள் அழிந்துபோயிருந்தன. எந்தக் கியர் எங்கே என்று தெரியாமல் நான் தடுமாறியபோது, டிரைவிங் ஸ்கூல்காரர் புதுக் குமிழ் ஒன்று மாட்டிக்கொள்ளச் சொன்னார். நான் மாட்டவில்லை.

ஒரு வருஷம் போல ஓடியது. காசிமேட்டில் எனக்கு லோடு கொடுக்கிற மீன் வியாபாரி அக்கா, முதலில் என்னை நம்பாமல் ஒரு கூடை இரண்டு கூடை கொடுத்துப் பார்த்தவர், பிறகு எல்லாவற்றையும் என்னிடமே ஏற்றினார். ஐஸ் உருகி மீனோடு வடிகிற தண்ணீர், வண்டியின் பின்தொட்டிப் பலகை இடுக்கு வழியாகக் கீழே சொட்டிக்கொண்டே வரும். நின்ற இடத்தில் எல்லாம் வண்டிக்குக் கீழே ஈரம். எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றியதில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் அந்தச் சத்தம் வந்தது. எண்ணூர்ப் பக்கம் லோடோடு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். வண்டிக்கு அடியில் குருவி கத்துவது போல ஒரு கீச்சு. வேகம் எடுத்தால் சேர்ந்து கத்தியது. மெதுவாகப் போனால் விட்டு விட்டு. அன்று அவர் டீ நேரத்தில் பேசியபோது சொன்னேன். எந்த வேகத்தில் கத்துகிறது என்று இரண்டு முறை கேட்டார்.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு சீட்டு மேல வெய்யி. ஓட்டு. நான் கேக்கறேன்."

ஓட்டினேன். அவர் கேட்டார். கடலோரச் சாலை, காற்று, பக்கத்தில் டிரெய்லர்கள். நடுவே அந்தக் கீச்சு. நன்றாகக் கேட்கவில்லை, நாளைக்கு மறுபடி பார்க்கலாம் என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. மறுநாள் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கிளட்சை அமுக்கி அமுக்கி விடச் சொன்னார். கிளட்சை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, அமுக்கினால் நின்றுபோனால், அது கியர் பெட்டிக்குள் இருக்கிற பேரிங் என்றார். அமுக்கும்போது மட்டும் வந்தால் கிளட்சை ஒட்டி உட்கார்ந்திருக்கிற பேரிங். இரண்டும் இல்லை. நிற்கிற வண்டியில் சத்தமே இல்லை. அடுத்த நாள், ஓடுகிற வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளி அப்படியே உருள விடச் சொன்னார். உருளும்போதும் கத்தியது. அப்படியென்றால் கோளாறு கியர் பெட்டிக்குப் பின்னால் என்றார். அதற்கடுத்த நாள் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துப் பார், அப்புறம் சட்டென்று விட்டுப் பார், பின் அச்சில் இருக்கிற பல் சக்கரமானால் இரண்டுக்கும் வேறு வேறு மாதிரி ஊளையிடும் என்றார். ஊளை எதுவும் இல்லை.

இப்படி ஒரு நாளைக்கு ஒரு சோதனை. முன்பெல்லாம் எங்கள் பேச்சு, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இப்போது காசிமேட்டில் கிளம்பினால் மீஞ்சூர் வரைக்கும் போன் சீட்டின் மேல் கிடக்கும். அவர் பேசுவதும் இல்லை, நானும் பேசுவதில்லை. அவர் மூச்சு விடுவது கேட்கும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். நடுநடுவே எதையாவது விசாரிப்பார். அது என்ன மைக் சத்தம், யார் கட்சிக் கூட்டம், அந்த டீக்கடையில் இன்னும் அதே பாட்டுத்தானா போடுகிறார்கள் என்று. ஒரு நாள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். கேட் போட்டுவிட்டான் என்று சொல்லி, பிறகு கூப்பிடுகிறேன் என்றேன்.

"வெக்காத. இஞ்சினை ஆப் பண்ணிட்டு சும்மா இரு."

ஆப் செய்தேன். கூட்ஸ் ரயில் ஒன்று நிதானமாகத் தடதடத்துக்கொண்டு போனது. பக்கத்தில் ஒரு அம்மா பட்டாணி சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பைக்காரன் ஹார்ன் அடித்தான். கேட் திறக்கும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியே ஓடாதபோது எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

சில நாட்களில் கீச்சு மாறியது. கிளட்சை விட்டு வண்டி நகரும் நொடியில், கீழே சுத்தியலால் தட்டியது போல டங் என்று ஒரு அடி. ரிவர்ஸ் போட்டாலும் அதே அடி. அவரிடம் சொன்னேன். அவசரமில்லை, யாரையாவது அடியில் படுத்து கிரீஸ் அடிக்கச் சொல், மெதுவாகப் போ, இன்னும் ஒரு மாதம் தாங்கும், அதற்குள் மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்ளலாம் என்றார். கூடவே என் காலுக்கடியில் தரை அதிர ஆரம்பித்திருந்தது. டிரெய்லர்கள் ஓடி ஓடிக் குழியான சாலைதானே, அதனால்தான் என்று இருந்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. கிரீஸையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

வண்டி படுத்துக்கொண்டது எண்ணூர் விரைவுச் சாலையில். சிக்னலில் நின்று கிளம்பினேன். முதல் கியர் போட்டுக் கிளட்சை எடுத்தேன். கீழே வெடி வெடித்தது போல ஒரு சத்தம். அப்புறம் இரும்பைத் தாரில் போட்டு இழுக்கிற சத்தம். பிரேக்கை மிதித்தேன். மறுபடி ஆக்சிலேட்டர் கொடுத்தால் இஞ்சின் மட்டும் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. பின்னால் வந்த டிரெய்லர் என் தொட்டிக்குக் கைதூரத்தில் வந்து நின்றது. அந்த டிரைவர் என்னைத் திட்டத்தான் இறங்கியிருப்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டார். இதுவே வேகத்தில் போகும்போது கழன்றிருந்தால், அடியில் சக்கரத்தைச் சுற்றவைக்கிற தண்டு தரையில் குத்தி வண்டியையே தூக்கிப் போட்டிருக்கும் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

மீன் வியாபாரி அக்கா வேறு ஒரு வண்டியை அனுப்பிக் கூடைகளை எடுத்துக்கொண்டார். நான் கடற்கரைச் சுவர்க் கருங்கல் மேல் உட்கார்ந்து மெக்கானிக்குக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை.

மெக்கானிக் விம்கோ நகரில் எங்கள் தெருமுனையிலேயே ஷெட் வைத்திருப்பவர். அடியில் படுத்து, கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன் முனையில் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு. கிராஸ் என்பார்கள். பின்சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தண்டும் சுற்றிக்கொண்டே வளைந்து கொடுக்கவேண்டுமே, அதற்காக இருப்பது. அதன் நாலு கைக்கும் நாலு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாகப் பேரிங். ஒரு கிண்ணத்தை அவர் உள்ளங்கையில் கவிழ்த்தார். ஊசி எதுவும் இல்லை. செங்கல் தூள் மாதிரி துரு மட்டும் கொட்டியது.

"மீன் தண்ணிமா. உப்பு. கிரீஸை மொத்தமா கழுவிகினு போயிருக்கு." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "மொதல்ல குருவி மாரி கத்தியிருக்குமே? அப்பால கிளட்சை வுடசொல்ல டங்குனு அடிச்சிருக்குமே? இது கிராஸ்தான்னு எந்த டிரைவரும் சொல்லிருப்பானே."

சொல்லியிருப்பான். என் வீட்டுக்காரர் இருபது டன் இழுத்தவர். அவருக்குத் தெரியாதா?

அன்று அவர் கூப்பிடும்வரை நான் காத்திருக்கவில்லை. நானே கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அடிபட்டதா என்றார், இல்லை என்றேன். டிரெய்லர் எவ்வளவு கிட்டத்தில் நின்றது என்றார், சொன்னேன். அப்புறம் கேட்டேன்.

"உனுக்கு தெரியுமா மாமா, அது கிராஸ்னு?"

அங்கே ஏதோ கிரேன் பின்வாங்குகிற பீப் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும் மே. மொத நாளே தெரியும்."

"அப்பறம் இன்னாத்துக்கு அத்த செய்யி, இத்த செய்யின்னு..."

"சரி பண்ணிட்டா நீ போனை வெச்சிருவே."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் குரல் உடைந்திருந்தது தெரிந்தும் வந்தது. நான் செத்திருந்தால் என்ன பண்ணியிருப்பே என்றேன். இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்றுதான் நினைத்தேன், கத்துவது காய்ந்த கிராஸ் சத்தம் மாதிரித்தான் இருந்தது, இவ்வளவு தேய்ந்திருந்தால் காலுக்கடியில் அதிருமே என்றார்.

"அதிர்ந்துச்சு."

"நீ சொல்லலியே மே."

"நீ கேக்கல."

போனில் சத்தம் போகும், அதிர்வு போகாது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நான் போனை வைத்துவிட்டேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

புதுக் கிராஸ் போட்டு வண்டி வந்தது. காசிமேட்டில் கிளம்பி எர்ணாவூர் தாண்டும் வரை ஒரு சத்தம் இல்லை. இஞ்சின் ஓடுகிறது, டயர் ஓடுகிறது, அவ்வளவுதான். பக்கத்துச் சீட்டில் போன் அணைந்து கிடந்தது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது அதைப் பார்த்தேன். அதே சுண்டல்கார அம்மா வந்தார். இந்த இடத்தில் இஞ்சினை ஆப் பண்ணச் சொல்லிவிட்டு அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் இருக்கிற துறைமுகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வேலி, கன்டெய்னர், வெயில், மறுபடி வேலி. ஊர் என்பது பத்து மைல் தள்ளி. ஓட்டுகிற வண்டியில் கிளட்சே கிடையாது, கியர் தானாக விழுந்துகொள்ளும், இடது காலுக்கு வேலையே இல்லை, பேசவும் ஆள் இல்லை. இதையெல்லாம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். நான் உம் கொட்டியிருக்கிறேன்.

நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இப்ப இன்னா சத்தம் வர்து?" என்றார்.

"ஒண்ணும் வர்ல. சும்மா கேளு."

போனைச் சீட்டின் மேல் வைத்தேன். கேட் திறந்தது.

அதற்குப் பிறகு அவர் லீவில் வரும்வரை நாள் தவறாமல் அப்படித்தான் போனேன். வந்தது பொங்கலுக்கு முன்னால். இளைத்து, கறுத்து, தலை முன்பக்கம் கொஞ்சம் காலியாகி வந்தார். மறுநாள் காலையில் லோடுக்குத் தானே ஓட்டுவதாகச் சாவியை வாங்கிக்கொண்டார். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். இங்கே உட்கார்ந்ததும் கியர் போட வலது கையை வீசினார், கை கதவில் போய் இடித்தது. இரண்டு பேரும் சிரித்தோம். தெருமுனை திரும்புவதற்குள் வண்டி இரண்டு முறை நின்றது. கிளட்சைப் பிடிக்கவேண்டும் என்பதே அந்தக் காலுக்கு மறந்திருந்தது. மூன்றாவது முறை நின்றபோது அவர் சிரிக்கவில்லை. மெக்கானிக் ஷெட்டிலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கிச் சுற்றி வந்து, நீயே ஓட்டு என்று என் பக்கத்துக் கதவைத் திறந்தார். நான் உள்ளேயே நகர்ந்து உட்கார்ந்தேன். நாலைந்து நாளில் அவருக்குப் பழைய கை திரும்பிவிட்டது. ஆனாலும் ஓட்டக் கேட்கவில்லை. இடது பக்கம் உட்கார்ந்து ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். சடையங்குப்பம் பக்கம் வெள்ளத்தில் இடிந்த வீட்டை யாரோ எடுத்துக் கட்டியிருந்தார்கள். அதைக்கூட வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்.

லீவு முடிகிற வாரத்தில் தொட்டி முழுவதும் தடித்த ரப்பர் ஷீட் விரித்து, ஓரத்தை மடித்து ஆணி அடித்தார். மூலையில் ஓட்டை போட்டு ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்து, மீன் தண்ணீர் தண்டின் மேல் விழாமல் பின்சக்கரத்தைத் தாண்டிப் போய் விழும்படி செய்தார். அப்புறம் அடியில் படுத்து கிராஸுக்கு கிரீஸ் அடித்தார். நான் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்க புடிச்சி அடி. பழைய கிரீஸ் வெளிய வர வரைக்கும் அடி. வாரம் ஒரு தபா" என்றார். தலைமாட்டில் சாக்கு கூடப் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்தபோது முதுகெல்லாம் மண். தட்டிவிட்டேன். தட்டிய கையை எடுக்கவில்லை. அவரும் நகரவில்லை.

கிளம்புகிற நாளில் விமான நிலையம் வரை வருகிறேன் என்றேன். லோடு நேரம், அக்காவுடைய ஐஸ் உருகிவிடும், மெட்ரோவில் ஒரே ரயில், நானே போய்விடுவேன் என்றார். விம்கோ நகர் ஸ்டேஷன் படிக்கட்டு வரை குட்டியானையில் கொண்டுபோய் விட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போனார். நான் வண்டியைத் திருப்பி, காசிமேட்டுக்குப் போக அதே நெடுஞ்சாலையில் தூண்களை ஒட்டி ஓட்டினேன். தேரடி தாண்டும்போது போன் வந்தது.

"எங்க கீற?"

"தேரடி."

"நானும் அங்கதான். மேல."

தலைக்கு மேலே ரயில் போகிற சத்தம் கேட்டது. என் போனுக்குள்ளும் அதே சத்தம். டோல்கேட் வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இறங்கிப் பூமிக்குள் போகிறது. இறங்கப்போகுது மே என்றார். சரி என்றேன். லைன் அறுந்தது.

இடது பக்கம் திரும்பிக் காசிமேட்டுக்குப் போனேன். அக்கா தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"போய்ட்டாரா மா?"

"போய்ட்டாருக்கா."

அக்கா தராசை விட்டு வந்தார். முதல் கூடையைத் தொட்டியில் தூக்கி வைத்தார். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.